ஏரோப்ளேன் பார்க்க எங்க போறது? ஒரு சின்ன வரலாறு

1/ போன மாசம் பாகூர் பக்கத்துல இருந்து ஒரு பையன் மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு வந்தான். வானத்துல ப்ளேன் போகுதுன்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே ஓடி, களத்து மேட்டுல இருந்து விழுந்துட்டான். மாவுக்கட்டு போடும்போது கூட வந்த ஆயா கேட்டாங்க: "ஏன் டாக்டரே, இதை கிட்டக்க நின்னு பாக்க எங்கனா எடம் இருக்கா?"

எனக்கு உடனே பதில் தெரியல. தேடிப் படிச்சதை இங்க எழுதறேன் மக்களே.

2/ இந்த ஆசை புதுசு இல்ல. 1909 ஜூலையில் ப்ளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அடுத்த 8 மாசத்துக்குள்ள நம்ம பல்லாவரத்துல ஒரு விமானம் மேலே எழும்பிச்சு! மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர் தானே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் செய்ய வைத்து, 1910 மார்ச்சில் ஓட்டிப் பார்த்தார். ரைட் சகோதரர்கள் பறந்து 7 வருஷம் கூட முழுசா ஆகல.

3/ 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் இருந்து நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களோட ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி பறந்தார். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் இதுதான். அதைப் பார்க்கவும் பெருங்கூட்டம்.

4/ 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். அதுக்கப்புறம் மீனம்பாக்கம் வளர்ந்துச்சு. பார்வையாளர் மாடத்துல நின்னு, ஊருக்குப் போற மாமாவுக்கு டாட்டா காட்டினதை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க.

5/ அப்போ அதெல்லாம் ஏன் போச்சு? பயம். நியாயமான பயம்தான். 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து சுமார் 30 பேர் இறந்தார்கள். 1999 டிசம்பரில் காந்தகார் கடத்தல். அடுத்த வருஷத்துல இருந்து விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் போக ஆரம்பிச்சுது. வேலி உயர்ந்துச்சு, வேடிக்கை பார்க்கிறவன் சந்தேகத்துக்கு உரியவன் ஆயிட்டான்.

6/ மிகையா சொல்லல. 2010-ல டெல்லி விமான நிலையம் பக்கத்து ஹோட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்த 2 பிரிட்டிஷ்காரர்கள் கைதானாங்க. பொழுதுபோக்குன்னு சொல்லியும் சுமார் 2 மாசம் ஊர் திரும்ப முடியல. கடைசியில ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டிட்டுப் போனாங்க. 2001-ல கிரேக்க நாட்டிலும் இப்படி 14 பேர் மேல உளவு வழக்கு. மேல்முறையீட்டில்தான் விடுதலை.

7/ சரி, நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில். பிரெஞ்சு கவர்னர் லா தெ லோரிஸ்தான் பேர்ல வந்த ஊர். ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்காது; 70 சொச்சம் சீட் உள்ள ஏ.டி.ஆர். வரும். நீட்டிக்கணும்னா தமிழ்நாட்டுப் பக்க நிலமும் வேணும். அதனால சேவை வரும், நிக்கும். 2013-ல பெங்களூர், 2017-ல ஹைதராபாத், நடுவுல நின்னு திரும்ப 2024 டிசம்பரில்.

8/ அங்க போறீங்களா? நேரத்தை முன்னாடியே பார்த்துக்குங்க. பொது ரோட்டுல, வண்டிக்கு இடைஞ்சல் இல்லாம நில்லுங்க. சுவர் ஏறாதீங்க. காவலர் கிளம்பச் சொன்னா கிளம்பிடுங்க. விமான தளத்துக்குள்ள படம் எடுக்க 1937 விமான விதிகள்லயே கட்டுப்பாடு இருக்கு.

9/ நிறைய விமானம் பார்க்கணும்னா சென்னை பரங்கிமலை. 1523-ல போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம், சுமார் 300 அடி உயரம். ஓடுதளம் மேல இருந்தே தெரியும். வழிபாட்டு இடம், மரியாதையா இருங்க. சுத்தி ராணுவ இடங்களும் இருக்கு, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க.

10/ ஒரு சூட்சுமம்: விமானம் காத்துக்கு எதிராத்தான் இறங்கும். தென்மேற்குக் காத்து காலத்துல கத்திப்பாரா பக்கமா, மலையை ஒட்டித் தாழ்ந்து வரும். வாடைக்காத்து காலத்துல எதிர்த்திசை.

11/ டாக்டரா ரெண்டு வார்த்தை. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில அண்ணாந்து பார்த்து நடக்காதீங்க. பைனாகுலர், கேமரா வழியா சூரியனை ஒரு நொடி கூட பார்க்காதீங்க. விழித்திரை வெந்தா வலிக்காது, பார்வைதான் போகும்.

12/ டோக்கியோ ஹனேடாவுல பார்வையாளர் மாடம் இருக்கு. மான்செஸ்டரில் இதுக்குன்னே பூங்கா இருக்கு. பாதுகாப்பும் இருக்கு, பிள்ளைகளும் பார்க்கறாங்க. நாளைக்கு லாஸ்பேட்டை விரிவாகும்போது, சோதனை போட்டு, டிக்கெட் வெச்சு ஒரு மாடம் கட்டினா என்ன?

13/ நேத்து அந்தப் பையனுக்கு மாவுக்கட்டு பிரிச்சோம். கை நல்லா இருக்கு. ஆயாகிட்ட லாஸ்பேட்டைக்கு வழியும் நேரமும் எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டுலதான்.