தலைப்புப் பக்கத்தில் இல்லாத பெயர்கள்

பங்குப் பணியில் இருப்பவன் நூல்களைப் புரட்டுவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு தேவையை முன்னிட்டே. ஞாயிறு மறையுரைக்கு ஒரு விளக்கம், திருமண ஆயத்த வகுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று தேடும்போது, தேடிய பக்கம் மட்டுமே கண்ணில் படுகிறது. நூல் கண்ணில் படுவதில்லை. தேவை ஏதுமின்றிப் படிப்பதற்கு மழைக்காலம் வேண்டும். சேர்வராயன் மலையில், அதிலும் எங்கள் நாகலூர்ப் பக்கத்தில், ஐப்பசி அடைமழை அந்த வசதியைத் தாராளமாகவே செய்து தருகிறது. மின்சாரம் நின்றுபோனாலும் மெழுகுதிரிக்குப் பங்கு இல்லத்தில் பஞ்சமில்லை.

இவ்வாண்டு மழையில் நான் மாற்றி மாற்றிப் படித்துவரும் நூல்கள் ஐந்தாறு. ஆய்வாளன் ஒருவன் வகுத்துக்கொண்ட வரிசை அன்று இது. ஒரு நூல் மற்றொரு நூலின் கையைப் பிடித்து அழைத்து வந்தது, அவ்வளவே. ஆயினும் படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் எல்லா நூல்களிலும் என்னைத் தொடர்ந்தது. இதை எழுதியவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இக்கேள்வியைக் கிளப்பிவிட்டது அபே துபுவா எழுதிய புகழ்பெற்ற நூல். இந்துக்களின் பழக்கவழக்கங்கள், நிறுவனங்கள், சடங்குகள் பற்றிய அந்நூலை அறியாத வரலாற்று மாணவர் அரிது. துபுவா, பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த குரு. சேலம் மறைமாவட்டம் 1930-இல் தோன்றியபோது அதன் முதல் ஆயராக வந்த புருனியே ஆண்டகையும் அதே சபையினர்தாம். ஆகவே நம் மறைமாவட்டத்தாருக்குத் துபுவா தூரத்து உறவினர் என்றாலும் தவறில்லை. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, சிதறிக் கிடந்த மைசூர்ப் பகுதிக் கிறித்தவர்களைத் திரட்டச் சென்ற அவர், இந்நாட்டு உடையும் உணவும் ஏற்று வாழ்ந்தார். தாம் பிரெஞ்சில் எழுதிய கையெழுத்துப் படியை 1806-இல் மைசூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்சிடம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு அதை 2000 வராகனுக்கு வாங்கியது. 1816-இல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சேறிற்று. 1897-இல் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்புக்கு மாக்ஸ் முல்லரே முன்குறிப்பு வழங்கினார். இந்தியாவுக்குப் புறப்பட்ட வெள்ளை அதிகாரிகள் இந்நாட்டு மக்களை அறிய இந்நூலையே நம்பினர்.

1987-இல் சில்வியா முர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தார். தெவோ என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரியின் பெயரால் 1777-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்று கிடைத்தது. அதைத் துபுவாவின் நூலோடு வரி வரியாக ஒப்பிட்ட அவர், இரண்டுக்கும் மூலமாக இருந்தது காணாமற்போன வேறொரு நூல் என்றும், அதை எழுதியவர் கெர்தூ என்னும் இயேசு சபைக் குரு என்றும் நிறுவினார். கெர்தூ 1732-இல் இந்தியாவுக்கு வந்து, 1779-இல் புதுச்சேரியில் இறந்தவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டி 1767-இலேயே பாரிசுக்கு எழுதியவரும் இவரே. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதே கருத்தைச் சொன்னது 1786-இல். கெர்தூவின் கடிதம் அச்சேறியதோ 1808-இல். பாவம், இருமுறையும் புகழ் அவருக்குப் பிந்தியே வந்தது.

துபுவாவைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறர் எழுதியதைப் படியெடுத்துத் தம் நூலில் சேர்ப்பது அக்காலத்தில் அத்தனை பெரிய குற்றமாகக் கருதப்படவில்லை. 1773-இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்துவிட்ட பிறகு அச்சபையாரின் கையெழுத்துப் படிகள் தாயற்ற பிள்ளைகள் போல் கைமாறிக்கொண்டிருந்தன. துபுவா தம் அனுபவத்திலிருந்து சேர்த்த பகுதிகளும் உண்டு. இவ்வளவும் சொல்லலாம். ஆயினும் முன்னுரையில் ஒரு வரி எழுத இடம் இருந்தது; அவர் எழுதவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் உட்காருகிறவன் என்ற முறையில், இதைச் சிறு கடனாக நான் எண்ணவில்லை. கெர்தூவுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று நூலை மூடவும் முடியவில்லை. கெர்தூவுக்கு இவற்றையெல்லாம் சொன்னவர்கள் யார்? வீட்டுச் சடங்கையும் தீட்டு முறையையும் ஓர் அந்நியக் குருவிடம் பொறுமையாக விளக்கிய அந்த மனிதர்களை எந்த ஆய்வாளரும் இனிக் கண்டுபிடித்துத் தர முடியாது.

அந்த அடுக்கிலிருந்து ஒரு பெயராவது தப்பிப் பிழைத்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்தபோதுதான் தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலியின் உரைநடை நூல்களை மீண்டும் எடுத்தேன். இவற்றை அரிதின் முயன்று பதிப்பித்தவர் அருட்தந்தை ச. இராசமாணிக்கம். 1623 சனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் முறைக்கு ஒப்புதல் வழங்கினார். அவ்வாண்டிலேயே நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து, சேந்தமங்கலம், சேலம் எனச் சென்றார். பின்னர் மோரமங்கலத்திலும் பணியாற்றினார். சேலத்தில் தங்கிய ஒருவரின் கண்ணுக்கு எங்கள் மலை தப்பியிருக்க முடியாது.

நொபிலிக்கு வடமொழி கற்றுக்கொடுத்தவர் சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர். வேதத்தை அந்நியருக்கு ஓதுவித்தால் தம் குலத்தாரிடமிருந்து என்ன வரும் என்பதை அறிந்தே கற்பித்தார். 1609-இல் திருமுழுக்குப் பெற்றுப் போனிபாசு ஆனார். பின்னாளில் நொபிலியோடு மாறுபட்டு, நொபிலியின் முறையை எதிர்த்த கொன்சாலோ பெர்னாண்டசு அடிகளுக்கும் வடமொழி நூற்சான்றுகளைத் திரட்டித் தந்தார். ஒரே ஆசிரியர் இரு எதிரணிக்கும் மூலநூல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்! நம் வரலாற்று நூல்களில் அவர் ஓரிரு பத்திகளோடு மறைந்துவிடுகிறார். பூசை, அருள், குரு, வேதம் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் சொற்கள் கிறித்தவப் பொருளில் வேரூன்றிய காலத்தில், அவற்றின் முன்னைப் பொருளைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய ஒருவர் இருந்தார் என்ற நினைவோடு ஞானோபதேசத்தைப் படித்தால் அதன் சுவை வேறாகிறது.

அடுத்து வந்த நூல் என்னை ஏற்காட்டுக்கே திருப்பி அழைத்து வந்தது. பேர்சிவல் பாதிரியார் தொகுத்த தமிழ்ப் பழமொழித் தொகுதி அது. 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு உள்ளன. இவ்வளவு பழமொழிகளையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்திருக்கிறேன். மெதடிஸ்ட் சபையின் போதகராக யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கற்பித்து, ‘தினவர்த்தமானி’ என்னும் இதழை நடத்திய இப்பெரியவர், 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். ஏற்காட்டுக்கு வருகிற பயணிகள் ஏரியைப் பார்க்கிறார்கள்; இவரைக் கேட்பதில்லை.

பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது விவிலியத்தைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். அதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர், அவருடைய பள்ளியிலேயே படித்து 1841 முதல் அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. சைவ உலகம் ஆறுமுக நாவலர் என்று தலைமேல் வைத்துக் கொண்டாடும் அவரேதான். நெற்றியில் திருநீற்றோடு அமர்ந்து அவர் நற்செய்தியின் வாக்கியங்களுக்குத் தமிழ் நடை அமைத்தார். 1848-இல் இருவரும் அந்தப் படியோடு சென்னைக்குச் சென்றனர். அங்கே மகாலிங்கையர் என்னும் தமிழறிஞர் அதைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டார். அவரும் கிறித்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில் நாவலர் வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கினார். 1850-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு சீர்திருத்தச் சபையாரிடையே நிலைபெறவில்லை; 1871-இல் பவர் ஐயர் குழுவினரின் பதிப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கிறேன். 1854-இல் நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதி மிஷனரிமாரின் தாக்குதலுக்கு விடையிறுத்தபோது, விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டுகள் அவர் கையில் சரம் சரமாக இருந்தன. அத்தனை ஆண்டு அதற்குள் வாழ்ந்தவர் அல்லவா? இரு நூற்றாண்டுக்கு முன் நொபிலி எழுதிய மறுப்பு நூலின் பெயரும் ‘தூஷணத் திக்காரம்’ என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. பேர்சிவலை நாவலர் எதிர்த்தார், அல்லது நாவலரைப் பேர்சிவல் பயன்படுத்திக்கொண்டார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. ஒரு மேசையில் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே அமர்ந்து ஒரு சொல்லுக்கு இணைச்சொல் தேடியவர்களை அப்படிப் பிரித்துவிட முடியும் என எனக்குத் தோன்றவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பைத் ‘திருவிவிலியம்’ என நாம் பீடத்தில் வைத்து வாசிக்கிறோம். தமிழ் விவிலிய நடையின் நீண்ட வரலாற்றில் சைவர் ஒருவருக்கும் இடமுண்டு என்பதை நம் மறைக்கல்வி ஆசிரியர்களில் எத்தனை பேர் அறிவர்?

பேர்சிவலின் மருமகன் வேறு வகை எழுத்தாளர். கல்லைப் படித்தவர். நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அந்நாளில் ஏட்டில் ஏறியது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கண்ட அத்திரம்பாக்கம், சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையது. ஓய்வுக்குப் பின் ஃபூட் ஏற்காட்டில் குடியேறினார். 1912 டிசம்பரில் இறந்த அவருடைய சாம்பல் ஏற்காடு தூய திரித்துவ ஆலயத்தில் அடங்கியிருக்கிறது. அவர் திரட்டிய கற்கருவிகளின் அட்டவணையைச் சென்னை அருங்காட்சியகம் அவர் மறைவுக்குப் பின் வெளியிட்டது. அட்டவணை என்பதால் சுவையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர்ப் பெயர் உண்டு.

இம்மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளைப் பற்றிப் படிக்கையில் ஒரு செய்தி என்னைக் கட்டிப்போட்டது. மழை அரித்த நிலத்தில் அகப்பட்ட அக்கற்களை மலைமக்கள் எடுத்து வந்து, பிள்ளையார் என்று சிறு கோயில்களில் வரிசையாக வைத்து வழிபட்டு வந்தார்கள். படித்தவர்கள் இதை அறியாமை என்று புன்னகைப்பார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மனிதக் கை தீட்டிய கல் இது, சாதாரணக் கல் அன்று என்று பிரித்தறிந்த கண் முதலில் அவர்களுடையது. ஃபூட்டுக்கு முன்பே சேகரித்து, ஓரிடத்தில் சேர்த்து, காத்தவர்கள் அவர்களே. அட்டவணையில் அவர்கள் பெயர் இல்லை.

அந்த மலைமக்கள்தான் ‘மலையாளி’ என்று பெயர் பெற்ற பழங்குடியினர். வெளியூரார் இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைப்பதுண்டு. இவர்கள் தாய்மொழி தமிழ். மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள். சேர்வராயன் கோயில் விழாவுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் இவர்கள் ஊர் ஊராக மேலேறி வருவதைக் காண வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர். தம்மோடு உழைத்த க. ரங்காச்சாரியின் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டார் என்பதற்காக அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். துபுவா செய்யாததை அவர் செய்தார்.

மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் மரபுக் கதை அக்கட்டுரையில் இரு வடிவங்களில் உள்ளது. ஒன்றில் மூன்று சகோதரர்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போகிறார்கள். மற்றொன்றில் கரிராமன் என்னும் தெய்வமே காஞ்சியை விட்டுப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவரும் தம் குடும்பங்களோடு அதைப் பின்தொடர்ந்து வெவ்வேறு திசைகளில் பிரிகிறார்கள். எந்த ஊரில், யார் வாயிலிருந்து எந்த வடிவம் வந்தது என்பதுதான் நூலில் இல்லை. அச்சில் ஏறிய கதைக்கு ஒரு தனி அதிகாரம் வந்துவிடுகிறது. ஓர் இனத்தின் தோற்றத்தைப் பற்றிய பக்கம், பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகத் தகப்பன் நிற்கும் அலுவலக மேசைவரை போகக்கூடியது. அப்படி இருக்க, சொன்னவர் யார் என்று கேட்பது வெறும் நூலாராய்ச்சி ஆகாது.

அப்பக்கங்களை நகலெடுத்து, கல்லூரியில் வரலாறு படிக்கும் இவ்வூர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். “எங்க பாட்டி சொல்றது இதுல ரெண்டுமே இல்ல ஃபாதர்” என்றாள். அதன்பின் ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கேட்டு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்து தந்திருக்கிறாள். இப்போது என் வாசிப்பில் இருப்பது அதுதான். எழுத்துப் பிழைகள் உண்டு. ஒரே கதை நான்கு முறை வருகிறது, நான்கு முறையும் அண்ணன் தம்பி வரிசை மாறுகிறது. அதைத் திருத்தி ஒரே கதையாக்கித் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஒவ்வொரு கதைக்கும் மேலே சொன்னவரின் பெயர், ஊர், அவர் தனக்கு என்ன முறை என்று குறித்திருக்கிறாள். ஒரே ஒரு பக்கத்தில் பெரியப்பா ஒருவரின் பெயருக்குக் கீழே கதை இல்லை. “சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார்” என்ற ஒரு வரி இருக்கிறது. மீதிப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறாள்.