போனனும் பளிங்கு உந்தமும்

போனன்: பளிங்கின் அதிர்வில் அடங்கிய சக்திச் சொட்டு. ஆனையிறவு உப்பில் ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்தால் அதன் சதுர முகங்கள் மினுங்கும். உள்ளே சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் மாறிமாறி அடுக்கி நின்று ஓயாமல் ஆடுகின்றன. ஒன்று அசைய அயலும் அசையும். அந்த அலைக்குரியதே பளிங்கு உந்தம். பெயரளவில்தான் உந்தம். எறிந்த கல்லின் உந்தம்போல இதற்குக் கறாரான கணக்கில்லை; போனன்கள் மோதும்போது அயன்களின் ஒழுங்கான அடுக்காகிய சாலகம் குறித்த சில அளவுகளை இதில் கூட்டவோ கழிக்கவோ செய்யும். 1929இல் பையர்ள்ஸ் இதைக் காட்டினார்.

கதை வைரத்தில் தொடங்கியது. அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கொள்ளளவு பழைய விதி சொன்னதைவிட மிகக் குறைவு. அதிர்வுச் சக்தி சொட்டுச் சொட்டாகவே ஏறும் என்று 1907இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1912இல் போர்ணும் வொன் கார்மனும் அணுக்களைப் பிணைந்தவையாகவே கணக்கிட்டனர். போனன் என்ற பெயர் 1932இல் பிரெங்கல் இட்டது.

உப்பு மறுபடி வந்தது 1931இல். சமச்சீர் காரணமாக உப்பில் தனியொரு போனன் ராமன் நிறமாலையில், அதாவது சிதறிய ஒளியின் நிறமாற்றப் பதிவில், தோன்றாது. ஆயினும் பெர்மியும் றசெற்றியும் அதில் நிறமாலை கண்டனர். எதிரெதிர் உந்தமுள்ள இரு போனன்கள் சேர்ந்தால் கூட்டுத்தொகை பூச்சியம். ஒளிக்கு அது போதும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி. வி. ராமன் போனனின் உந்தம் பற்றிப் போர்ணுடன் பிணங்கியது இந்த இடத்தில்தான். பாடநூல்கள் அவரை 1928இல் கண்ட ராமன் விளைவுடன் விட்டுவிடுவதால் இந்தச் சண்டை நம்மவர் பலருக்குத் தெரியாது. 1935இல் போர்ணைப் பெங்களூருக்கு அழைத்தவரும் அவரே. 1940களில் ஆர். எஸ். கிருஷ்ணன் அங்கே எடுத்த வைர நிறமாலையில், 1332 cm⁻¹ அலையெண்ணில் உள்ள பெயர்பெற்ற கோட்டுக்கு அப்பால் கூரிய முனைகள் தெரிந்தன. பளிங்கின் அடுத்தடுத்த அலகுக் கூடுகள் ஒரே கட்டத்தில் அல்லது நேரெதிர்க் கட்டத்தில் மட்டுமே ஆடும், ஆகவே அதிர்வெண்கள் சிலவே என்றார் ராமன். உந்தம் எந்த மதிப்பையும் எடுக்கலாம், நிறமாலை தொடரானது என்றது போர்ண் தரப்பு. எடின்பரோவில் ஹெலன் சிமித் 1948இல் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

தீர்ப்பைச் சொன்னவை நியூத்திரன்கள். 1958இல் கனடாவின் சோக் றிவரில் புறொக்கவுசும் பி. கே. ஐயங்காரும், வைரத்தின் அமைப்பே கொண்ட ஜேர்மானியத்தில், உந்தத்தோடு அதிர்வெண் இடையறாது மாறுவதை அளந்தனர். ராமன் கடைசிவரை இசையவில்லை. ஆனால் அவர் சான்றாகக் கொண்ட முனைகள் பொய்யல்ல: 1953இல் வான் ஹோவ் காட்டியபடி, அதிர்வெண் வளைகோடு தட்டையாகும் இடங்களில் போனன்கள் நெருங்கிக் குவிகின்றன. ராமன் தெரிந்தெடுத்த நேரெதிர்க் கட்ட ஆட்டங்கள் அத்தகைய இடங்களிலேயே இருந்தன.