ஊட்டிப் புல்வெளி

மயிலாப்பூர் வெயிலில் நான் வெந்துகொண்டிருக்கும்போது, பழைய மாணவன் ஒருவன் ஊட்டி கோல்ஃப் மைதானத்திலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். "சார், வெள்ளைக்காரன் எவ்வளவு அழகாகப் புல் வளர்த்திருக்கான் பாருங்க!" பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

அப்பா, அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரன் உண்டாக்கவில்லை. நீலகிரி உச்சியில் பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படித்தான். அந்தப் புல்லில் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். அதைக் கொண்டே வீடும் கோயிலும் வேய்ந்தார்கள். ஆங்கிலேயர் 'ஊட்டகமண்ட்' என்று எழுதினார்களே, அதன் கடைசியில் ஒட்டியிருப்பது 'மந்து', அதாவது தோடர் குடியிருப்பு.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி வீடு கட்டினார். பின்னால் சென்னை ராஜதானி அரசாங்கமே கோடைக்கு அங்கே போய் உட்கார்ந்தது. மேய்ச்சல் மேடுகளுக்கு கவர்னர் வென்லாக் (1891–96) பெயர் வந்தது: வென்லாக் டவுன்ஸ். அங்கே நாய்களை விட்டுக் குள்ளநரி வேட்டை, பிறகு கோல்ஃப். வெயிலுக்குப் பயந்து மலையேறிய ஆங்கிலேயர் எங்கும் இதைத்தான் செய்தார்கள். ஜப்பானில் கோபே துறைமுகத்துக்கு மேலே ரொக்கோ மலையில், ஆர்தர் குரூம் என்ற வணிகர் 1901இல் நாலே குழிகளோடு தொடங்கியதுதான் அந்த நாட்டின் முதல் கோல்ஃப் மைதானம்.

ஆனால் ஊட்டிப் புல்லை அதிகம் விழுங்கியது கோல்ஃப் அல்ல, மரம். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காக வந்த சீகையும் கற்பூர மரமும், சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் ஆலைக்கும் என்று மேடு மேடாக நடப்பட்டன. மரமில்லாத நிலம் வீண் நிலம் என்பது கணக்கு. 1960களில் ஃபிலிம் தொழிற்சாலையும் அந்த டவுன்ஸிலேயே எழும்பியது. மழையை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்தான் என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

நானும் விலக்கல்ல. சுற்றுலாவில் உங்களைக் கற்பூர மரத்தடியில் நிற்க வைத்து, "இதுதான் ஊட்டியின் இயற்கை, இழுத்து மூச்சு விடுங்கள்" என்றேன். நினைவிருக்கிறதா? பரீட்சையில் அதையே எழுதியவர்களுக்கு முழு மார்க்கும் போட்டேன். தப்பு என்னுடையது. உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது திருத்திச் சொல்லிவிடுங்கள்.