தீக்காயம் பட்டால் பேஸ்ட், இங்க், தோசைமாவு... எதுவும் வேண்டாம்! முதல் 20 நிமிடம் தண்ணீர்தான் மருந்து

கீழ்பென்னாத்தூரில் ஒருவருக்குப் பெரிய தீக்காயம் ஏற்பட்டால், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போக வேண்டும். காயம் தீவிரமென்றால், அங்கிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு. சுற்றுவட்ட கிராமங்களில் இருப்பவர்களுக்குத் தூரம் இன்னும் அதிகம்.

ஆனால், தீ அணைந்த பிறகும் தோலுக்குள் இருக்கும் சூடு உள்ளே வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்தும் வேலை வீட்டில் இருப்பவர்களுடையது. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

முதலில் தீயை அணையுங்கள்

உடையில் தீப்பிடித்தவர் ஓடினால், காற்றுபட்டு தீ இன்னும் கூடும். உடனே தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். கம்பளி, கனமான பருத்திப் போர்வை அல்லது நனைத்த சாக்கைப் போர்த்தி அணைக்கலாம். நைலான், பாலியஸ்டர் சேலை வேண்டாம். அது உருகி தோலில் ஒட்டிக்கொள்ளும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள்.

மின்சாரம் தாக்கியிருந்தால் மெயினை ஆஃப் செய்யாமல் அவரைத் தொடக் கூடாது. வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும், உள்ளே இதயம், தசைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

20 நிமிடம் தண்ணீர்

காயத்தின் மேல் சாதாரண குளிர்ச்சியுள்ள தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். குழாய் இல்லையா? வாளியில் எடுத்து சொம்பால் விடாமல் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசி மதியத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரை எடுங்கள். உடனே முடியாமல்போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம். அது ரத்த ஓட்டத்தைக் குறைத்து காயத்தை மோசமாக்கும். காயம் பெரிதாக இருந்தால், அதிலும் குழந்தைகள், முதியவர்கள் என்றால், உடம்பு சில்லிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. காயத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மற்ற இடங்களைப் போர்த்திவிடுங்கள். நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போதே மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தோலில் ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள்; சுற்றிலும் வெட்டி விடலாம்.

எதையும் பூசாதீர்கள்

பேஸ்ட், இங்க், மஞ்சள், தோசைமாவு, முட்டை வெள்ளைக்கரு, காபித்தூள்... நம் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாட்டி பாசத்தில் சொன்னாலும் பணிவாகத் தடுத்துவிடுங்கள். இவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், கிருமித்தொற்றுக்கு வழிசெய்யும். காயத்தின் ஆழம் டாக்டருக்குத் தெரியாமல் மறைக்கும். சுத்தம் செய்ய மறுபடி தேய்த்தெடுக்க வேண்டியிருப்பதால், வலியும் இரட்டிப்பாகும். கொப்புளத்தையும் உடைக்காதீர்கள். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும்.

எப்போது 108?

காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவிகிதம். குழந்தைக்கு 10, பெரியவருக்கு 15 உள்ளங்கை அளவைத் தாண்டினால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அளவு குறைவாக இருந்தாலும் முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தால் தாமதிக்கக் கூடாது. குரல் கம்மினால், மூக்கு முடி கருகியிருந்தால், சளியில் கரி தெரிந்தால் புகை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். அவரை உட்காரவைத்தே அழைத்துச் செல்லுங்கள்.

வெந்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறி, வலியே இல்லை என்றால் நிம்மதியடையாதீர்கள். நரம்புகள்வரை வெந்திருக்கலாம்.

'போலீஸ் கேஸ் ஆகுமே' என்று சிலர் தயங்குவார்கள். போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை. அதற்காக அவசர சிகிச்சை காத்திருக்காது. எப்போது, எதனால் பட்டது, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதை மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு சொக்கப்பனை கொளுத்தும்போதும், தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போதும் பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும். ஒன்று எரிந்து முடிந்த கம்பிகளைப் போட. இன்னொன்று, சுத்தமான தண்ணீர், தேவைப்பட்டால் காயத்தில் ஊற்ற.