பொத்தானும் போர்க்களமும்

தோப்பூரை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மாவலி கங்கை, கண்டியரசின் வரலாற்றையும் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றையும் பிணைத்து நிற்பது. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1803 பெப்ருவரியிற் கேணல் பார்பட் என்பாரின் தலைமையில் இங்கிருந்து கண்டிக்கு ஒரு படையை அனுப்பினர். ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்து மற்றொரு படையுடன் சென்றார். நகரை எளிதிற் பிடித்த படையினர் பலர், பின்னர்க் காய்ச்சலால் மடிந்தனர். எஞ்சியோருடன் மேஜர் டேவி யூன் 24 இற் சரணடைந்து, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வட்டப்புளுவையில் மாவலியின் பெருக்கு வழிமறிக்க, 19 ஆம் ரெஜிமெந்தினர் ஆங்கே கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் கப்பித்தான் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து கண்டி சென்று, வழிநெடுகப் போரிட்டுத் திருகோணமலைக்கு மீண்டார்.

இத்தகைய களங்களிற் படையுடையின் எச்சமாக யாது எஞ்சும்? செங்கம்பளிச் சட்டையும் தோற்கச்சையும் ஈரமண்ணில் உக்கிவிடும். உலோகப் பொத்தானே நிலைக்கும். 1767 முதல் ஆங்கிலக் காலாட்படையினரின் பொத்தான்களில் அவரவர் ரெஜிமெந்தின் எண் பொறிக்கப்பட்டது. சாதாரண வீரரின் பொத்தான் வெள்ளீயக் கலவையால் ஆனது. அதிகாரிகளினதோ வெள்ளி அல்லது பொன் மெருகுடையது. ஆகவே ஒரு சிறு பொத்தான், அணிந்தவனின் படையையும் தரத்தையும் உணர்த்தவல்லது.

ஆயினும் கிடந்த இடத்தை அறியாவிடத்து அச்சான்று குன்றிவிடும். பொத்தான்கள் வரிசையாகக் கிடப்பின் அணிவகுப்பை ஊகிக்கலாம். சிதறிக் கிடப்பின் ஓட்டத்தை ஊகிக்கலாம். தனித்துக் கிடப்பது கொள்ளையிட்டவன் கைநழுவ விட்டதாகவும் இருத்தல் கூடும். ஆசையினால் அதனைத் தோண்டியெடுத்துப் பேழையில் வைப்போர், எழுத்தொன்றைக் காத்து ஏட்டைக் கிழித்தோராவர். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச்சு 2 இற்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களெனக் கொண்டு, அவற்றைத் தனியார் தம் விருப்பப்படி அகழ்தலைத் தடுத்தது. 1803 ஆம் ஆண்டுப் பொத்தானும் அவ்வரம்புள் அடங்குவதே.

மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. அப்படைகளுக்கு அரிசியும் வெடிமருந்தும் சுமந்து சென்ற கூலியாட்கள் பலர். அவர்களுக்குச் சீருடையில்லை; எண் பொறித்த பொத்தானும் இல்லை. அதிகாரிகளின் நூல்களில் அவர்தம் பெயர்கள் அரிதினும் அரிது. சீருடைச் சின்னங்களை மட்டுமே தேடுவோர்க்கு, அம்மனிதர் இரண்டாம் முறையும் மறைந்துபோவர். உடைந்த சட்டியும் அடுப்புக் கரியும் அவர்களைப் பற்றிக் கூறக்கூடும். அவையோ விலைபோகா, ஆதலின் ஒதுக்கப்படுகின்றன.

எனவே மாணாக்கர் பழம்பொருளொன்றைக் காணின், அதனை எடுக்காது, இடத்தையும் அயலிற் கிடந்தவற்றையும் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடனாகும். மண்ணில் எழுதப்பட்ட ஏட்டை ஒருமுறையே வாசிக்கலாம்.