தாவல் விசை பிறந்த கதை

இருங்காட்டுக்கோட்டையில் வழி சொல்வது இரண்டு விதம். ஊருக்குள் என்றால் கோயில், வேப்பமரம், மளிகைக்கடை. சிப்காட் தொழிற்பூங்காவுக்குள் நுழைந்துவிட்டால் மனை எண்தான். ஹூண்டாய் ஆலையின் முகவரியே ‘எச்-1’. எண் சுருக்கமானது. ஆனால் எண்களை மாற்றினால் கையிலிருக்கும் சீட்டு பொய்யாகிவிடும், வேப்பமரம் அங்கேயேதான் நிற்கும்.

புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரு ஃபங்ஷனின் பெயர்மேல் கர்சரை வைத்து எஃப்12 தட்டினால், அது எழுதப்பட்ட இடத்துக்கே தாவுகிறோமே, அந்த வசதி வேப்பமர வழியில்தான் பிறந்தது.

1970-களின் இறுதி. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ எடிட்டர் புழக்கத்துக்கு வந்திருந்தது. கோப்புகள் பெருகப் பெருக, எந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பில் என்று தேடுவதே பாதி வேலை. அங்கே கென் அர்னால்டு ‘சிடேக்ஸ்’ என்ற சிறு புரோகிராமை எழுதினார்; 1979-இல் பெர்க்லியின் யுனிக்ஸ் பதிப்பான 3பிஎஸ்டியோடு அது வெளிவந்தது. (‘ரோக்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். அதில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் இதற்காக மன்னித்துவிடலாம்.)

சிடேக்ஸ், சி மொழிக் கோப்புகளைப் படித்து ‘டேக்ஸ்’ என்ற ஒரே கோப்பை எழுதும். நம் பதிப்பாசிரியர்கள் நூலின் கடைசியில் சேர்க்கும் சொல்லடைவு மாதிரி. வரிக்கு மூன்று செய்தி: பெயர், கோப்பு, அங்கே கண்டுபிடிக்கும் விதம். மூன்றாவதில்தான் சூட்சுமம். வரி எண்ணுக்குப் பதில், ஃபங்ஷன் தொடங்கும் வரியையே தேடுசொல்லாக வைத்தது. மேலே பத்து வரி புதிதாக நுழைத்தால் எண் தப்பிவிடும், தேடுசொல் தப்பாது. விஐ-யில் கண்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் தாவல்.

ஆனால் அடைவு எழுதிய பிறகு பிறந்த ஃபங்ஷனை அடைவுக்குத் தெரியாது. இன்றைய கோளாறுகளில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கும்.

பிறகு டேரன் ஹீபர்ட்டின் ‘எக்ஸூபரண்ட் சிடேக்ஸ்’ பல மொழிகளைக் கற்றுக்கொண்டது. எடிட்டர்களோ மொழிக்கு மொழி தனித்தனியே இணைப்பு எழுதிக்கொண்டிருந்தன. பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு இணைப்பு. 2016 ஜூன் 27 அன்று மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் ‘லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை அறிவித்தன. எடிட்டர் கேட்கும், மொழிக்கென்று தனியே ஓடும் சர்வர் பதில் சொல்லும். இருநூறு, முப்பதாயிற்று.

இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாக ஆலையில், சோதனை மேடைக்கான சி கோடைத் திறந்து எஃப்12 தட்டினேன். ‘டெஃபினிஷன் இல்லை’ என்றது. எக்ஸ்டென்ஷனை நீக்கிப் போட்டேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இரண்டு டீ ஆனது. எந்தக் கோப்பை எந்த ஹெடர்களோடு கம்பைல் செய்வது என்பதை, சி மொழிக்கான ‘கிளாங்டி’ சர்வர் ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அந்தக் கோப்பு, கோடோடு சேர்ந்து நண்பர் லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் வந்திருந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் அவர் லேப்டாப்பின் முழுப் பாதைகள். அத்தனையும் மனை எண்! அழித்துவிட்டு, ‘சிமேக்’ என்ற பில்டு கருவியைக் கொண்டு என் லேப்டாப்பிலேயே புதிதாக எழுதவைத்தேன். தாவியது.

உங்கள் எஃப்12 நின்றுபோனால், எடிட்டரைத் திட்டுவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பது யார் வீட்டு முகவரி என்று பாருங்கள்.