பர்மா வட்டிக்கடையும் மேலாள் நாணயமும்

பிறர் பொருளைக் காத்துப் பெருக்குந் தொழிலை மேற்கொண்டார்க்கு முதலாவது பிறர் தம்மீது வைக்கும் நம்பிக்கையேயாம். இவ்வுண்மையை நம் நகரத்தார் பர்மாவில் நடாத்திய வட்டிக்கடை வரலாறு இனிது விளக்கும். அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கு நோக்குதல் நம் இளைஞர்க்குப் பயன்றருமாதலின் ஈண்டுச் சில கூறுவாம்.

1852 ஆம் ஆண்டிற் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869 இற் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அந்நாட்டரிசிக்கு ஐரோப்பாவிற் கிராக்கி மிகுந்தது. ஐராவதியின் கழிமுகத்துக் காடுகளைத் திருத்திக் கழனியாக்கிய உழவர்க்கு மாடும் விதையும் ஆட்கூலியும் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பெருவங்கிகள் அவர்பாற் செல்லவில்லை, நகரத்தார் சென்றனர். 1929-30 இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர், அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் உளவென்றும், அவற்றில் இட்ட பொருள் 75 கோடி ரூபாயென்றும் மதிப்பிட்டனர்.

இத்துணைப் பெருந்தொழிலை நடாத்தியவர் எங்ஙனம் பயின்றனர்? பள்ளிப் பருவங் கழியுமுன்னரே சிறுவன் பெட்டியடிப் பையனாய்க் கடையிற் சேர்வான், ஏவல் செய்வான், கணக்கெழுதப் பழகுவான். பின்னர் அடுத்தாளாவான். நாணயமுந் திறனும் வாய்ந்தவன் மேலாளாய் உயர்வான். முதலாளி செட்டிநாட்டிலிருப்ப, கடல் கடந்த ஊரில் அவர் பொருள் முழுவதும் மேலாள் கையிலிருக்கும். மூன்றாண்டு அவன் தவணை. சம்பளத்தோடு இலாபத்திலும் பங்குண்டு. தவணை முடிந்து ஊர் திரும்புங்கால் அவனுக்குப் பின்வருவான் கையிற் பேரேடு ஒப்புவிக்கப்படும். ஆள் மாறினும் விலாசம் மாறாது. எழுதிய கணக்கும் பொய்யாது. அதனாற் புதியவனிடத்தும் பழைய வாடிக்கையாளர் அச்சமின்றி வருவாராயினர்.

கடன் கொள்வார் மட்டுமோ வாடிக்கையாளர்? தம் பணத்தைக் கடையிலிட்டு வைத்த உறவினரும், சீதனப் பொருளை ஒப்புவித்த பெண்டிருங்கூட அவ்விலாசத்தை நம்பியவரே. இரங்கூன் மொகல் வீதிக் கோயிலில் மாதந்தோறுங் கூடித் தவணை வட்டி வீதத்தை எல்லாரும் அறிய வரையறுத்தனர். ஒளிவு மறைவு இன்மையே அந்நம்பிக்கைக்கு அரணாயிற்று.

எனினும் இத்தொழிலில் ஒரு முரண் உள்ளுறைந்து கிடந்தது. கடைக்கு வந்த பணத்திற் பெரும்பகுதி குறுந்தவணையது. நிலத்தின்மேற் கொடுத்த கடனோ நெடுங்காலம் நிற்பது. 1930 ஐ ஒட்டி உலகப் பொருள்மந்தம் நேர்ந்து நெல்விலை வீழ்ந்தது. உழவராற் கடனிறுக்க இயலவில்லை. பணமிட்டோர் திருப்பிக் கேட்டனர். வேறு வழியின்றி ஈட்டு நிலங்கள் கடைக்காரர் கைக்கு வந்தன. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், 1930 இல் நூற்றுக்கு 6 விழுக்காடாயிருந்த நகரத்தார் நிலம், 1938 இல் 25 விழுக்காடாயிற்று. விரும்பிப் பெற்ற செல்வமன்று அது. ஆயினும் நிலமிழந்த உழவன் கண்ணுக்கு, நேற்றுவரை துணைவனாயிருந்தவன் இன்று நிலங்கவர்ந்தவனாய்த் தோன்றினான். அவன் துயரையும் நாம் மறத்தல் தகாது.

1942 இல் ஜப்பானியர் படையெடுப்பால் நம்மவர் பலர் கடையுங் கணக்கும் விட்டு அகன்றனர். 1948 இற் சுதந்தரப் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றிற்று. மூன்று தலைமுறை உழைப்பு அங்ஙனம் முடிந்தது. அதன் இழப்பைத் தம் வீட்டுப் பெரியோர் வாய்க் கேட்டறிந்தார் நம்முட் பலராவர்.

இன்று நம் இளைஞருட் பலர் முதலீட்டு ஆலோசகராய்ப் பிறர் சேமிப்புக்கு வழிகாட்டும் பணியை மேற்கொள்கின்றனர். அவர் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கன மூன்று. படிப்படியாய்ப் பயின்று மேலேறுக. கணக்கை எவரும் காணுமாறு வைத்திடுக. நம்மை நம்பி வந்தார்க்குப் பொருள் எந்நாளில் வேண்டப்படும் என்பதை ஆராய்ந்தே அதனை எங்கிடலாமெனக் கூறுக. முதலிரண்டும் நம் முன்னோரை உயர்த்தின. மூன்றாவதில் நேர்ந்த குறை அவர்தம் வீழ்ச்சியைக் கடிதாக்கிற்று. நல்ல விளைச்சற் காலத்தில் வாடிக்கையாளரைப் பெறுதல் எளிது; விலை வீழ்ந்த காலத்தும் அவர் நம்மை விட்டகலாதிருப்பதே இத்தொழிலின் வெற்றியாகும்.